சிவப்புக் கொடிக்குக் காரணமானவருக்கு முதல் வரிசை எதற்கு? எஃப்.எம்.எஸ்.சி.ஐ.க்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய எஃப்.எம்.எஸ்.சி.ஐ. (இந்திய மோட்டார் பந்தயச் சங்கங்களின் கூட்டமைப்பு) நிர்வாகிகளுக்கு,

வணக்கம். கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். இருசக்கர வாகன உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். பல வருடமாக ஃபார்முலா ஒன் கார் பந்தயம் பார்க்கிறேன். மெதுவானவர்களை வெளியேற்றிக்கொண்டே மூன்று கட்டமாக நடந்து, பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவுசெய்வது தகுதிச் சுற்று. அதில் இருக்கவேண்டிய ஒரு விதி இன்னும் வரவில்லை. பாரிஸில் இருந்து உலகக் கார் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் எஃப்.ஐ.ஏ. முன்னால் இந்தியாவின் சார்பில் பேசும் உரிமை உங்கள் அமைப்புக்குத்தான் இருக்கிறது. அதனால் பாரிஸுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் கேட்பது இதுதான். தகுதிச் சுற்றில் எந்த ஓட்டுநர் சுவரில் மோதியோ, சுழன்று தடத்தில் நின்றோ, அமர்வையே நிறுத்தும் சிவப்புக் கொடியைக் காட்ட வைக்கிறாரோ, அந்தக் கட்டத்தில் அவர் எடுத்த மிகச் சிறந்த நேரத்தை நீக்க வேண்டும். வேண்டுமென்றே செய்தாரா, கைதவறி நடந்ததா என்று விசாரிக்காமலே நீக்க வேண்டும்.

காவிரிப் பக்கத்து ஆட்களுக்கு இதில் என்ன இவ்வளவு அக்கறை என்று யாருக்காவது தோன்றலாம். காணும் பொங்கலன்று திருக்கடையூர்ப் பக்கம் ரேக்ளா வண்டிகள் ஓடும்போது சாலையோரம் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. 2005இல் கோவை நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் காரில் ஏறியபோது எங்களில் மூத்தவர்கள் பார்க்க ஆரம்பித்தார்கள். 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் கார்கள் ஓடின. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. இந்த இரண்டும் இன்னொரு தலைமுறையை உள்ளே இழுத்து வந்துவிட்டன. இன்றைக்கு மன்னார்குடியிலும் மயிலாடுதுறையிலும் சாஃப்ட் டயர் எத்தனை லேப் (தடத்தின் முழுச் சுற்று) தாங்கும் என்று பந்தயம் கட்டுகிற பையன்கள் இருக்கிறார்கள்.

எங்கள் விவாதமெல்லாம் சனிக்கிழமையில்தான் சூடு பிடிக்கும். மொனாக்கோ தகுதிச் சுற்று நம் நேரப்படி இரவு ஏழரைக்குத் தொடங்கும். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கவுன்ட்டரில் அடுக்கிய ஆயில் டப்பாக்களின் மேல் ஃபோனைச் சாய்த்து வைத்தால் ஆறேழு பேர் நெருக்கியடித்துப் பார்க்கலாம். கோடைப் புழுக்கம் யாருக்கும் பொருட்டில்லை. “முதல் ஓட்டத்துலயே ஒரு நல்ல நேரத்தப் போட்டு வச்சிரணும் மாப்ள, கடைசில என்ன ஆகும்னு எவனுக்குத் தெரியும்” என்பது ஒரு கட்சி. “நேரம் ஆக ஆகத் தடத்துல ரப்பர் படியும், பிடிப்பு கூடும். கடைசியா கோட்டைத் தாண்டுறவனுக்குத்தான் ‘போல்’, அதான் முதலிடம்” என்பது எதிர்க்கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. தகுதிச் சுற்றின் அழகே இந்தக் கணக்குதான். எப்போது வெளியே வருவது, டயரைச் சூடேற்ற எத்தனை லேப் ஓட்டுவது, முன்னால் போகிறவருக்கு எவ்வளவு இடைவெளி விடுவது என்று ஒவ்வொன்றும் ஒரு தந்திரம்.

தந்திரம் எல்லை மீறியும் போயிருக்கிறது. 2019 மோன்சாவில் முன்காரின் காற்று மறைவு வேண்டும் என்று எல்லோரும் அடுத்தவரை முன்னே போகச் சொல்லி ஊர்ந்தார்கள். கடைசி லேப்பைத் தொடங்குவதற்குள் பெரும்பாலோருக்கு நேரம் முடிந்துபோனது. பிறகு அவ்வளவு மெதுவாகப் போகக்கூடாது என்று நேர வரம்பு கொண்டுவந்தார்கள். அந்த ஓட்டையை அடைத்தாயிற்று. நான் சொல்லும் ஓட்டை அதைவிடப் பெரியது, அதைவிடப் பழையது.

2006 மொனாக்கோவிலிருந்து தொடங்குகிறேன். கடைசி நிமிடம். முதலிடத்தில் மைக்கேல் ஷூமாக்கர். பின்னால் ஃபெர்னாண்டோ அலோன்சோ வேகமான லேப்பில் வந்துகொண்டிருக்கிறார். ராஸ்காஸ் வளைவில் ஷூமாக்கரின் கார் நின்றுவிட்டது. வேகத்தைக் குறைக்கச் சொல்லும் மஞ்சள் கொடி விழுந்தது. அலோன்சோவின் லேப் வீண். நடுவர்கள் பல மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இது வேண்டுமென்றே செய்தது என்று முடிவுசெய்து அவருடைய நேரங்களை எல்லாம் நீக்கினார்கள். கடைசியிலிருந்து கிளம்பி ஐந்தாவதாக வந்தார். பந்தயத்தை அலோன்சோ ஜெயித்தார்.

2014, அதே ஊர். நிக்கோ ராஸ்பெர்க் முதலிடத்தில் இருக்கிறார். தன் கடைசி லேப்பில் மிராபோ வளைவில் பிரேக் பிடிபடாமல் நேராகத் தப்பிப்புச் சாலைக்குள் போய்விட்டார். மஞ்சள் கொடி. பின்னால் வந்த லூயிஸ் ஹாமில்டனின் லேப் அத்தோடு முடிந்தது. இருவருக்கும் இடையே இருந்தது 0.059 விநாடி. இந்தமுறை நடுவர்கள் குற்றம் எதுவும் இல்லை என்றார்கள். மறுநாள் ராஸ்பெர்க் போலில் இருந்து கிளம்பி ஜெயித்தார்.

அந்த வீடியோவை எங்கள் கடையில் எத்தனை தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருப்போம் என்று சொல்லி முடியாது. போக்குவரத்துக் கழகத்தில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார். பிரேக் போடும் இடத்தில் ஸ்டீயரிங் இடமும் வலமும் ஆடுவதைக் காட்டி, “சக்கரம் பூட்டிக்கிட்டா கை இப்படித்தான் ஆடும், அவன் வண்டியக் காப்பாத்தப் பாக்குறான்” என்பார். என் வயதுக்காரர் ஒருவர் அதே ஆட்டத்தைக் காட்டி, “வண்டியத் தானே ஆட்டிவிடுறான் பாருங்கண்ணே” என்பார். ஒரே படம்தான், ஒரே ஸ்டீயரிங்தான். இத்தனை வருடம் கழித்தும் முடிவு வரவில்லை, வரவும் வராது. ஒரு மனிதன் அந்த அரை விநாடியில் மனதுக்குள் என்ன நினைத்தான் என்பதைக் கேமராவில் பார்த்துச் சொல்லிவிட முடியுமா? விதி நடுவர்களிடம் கேட்பது அதைத்தான். அவர்கள் 2006இல் ஒன்று சொன்னார்கள், 2014இல் வேறொன்று சொன்னார்கள். இரண்டும் சரியாகவே இருக்கட்டும். இரண்டு முறையும் பின்னால் வந்தவருக்கு லேப் போனது போனதுதான்.

2021இல் சார்ல் லெக்லெர்க். மறுபடியும் மொனாக்கோ. முதல் ஓட்டத்தில் எடுத்த நேரத்தோடு முதலிடத்தில் இருக்கிறார். இரண்டாம் ஓட்டத்தில் நீச்சல்குளப் பகுதியில் உள்தடுப்பை உரசி வெளிச்சுவரில் மோதினார். சிவப்புக் கொடி, அமர்வு முடிந்தது. வெர்ஸ்டாப்பன், போட்டாஸ், சைன்ஸ் எல்லோரும் கடைசி முயற்சியில் இருந்தவர்கள். அவர் வேண்டுமென்று மோதினார் என்று நான் ஒருநாளும் நம்பமாட்டேன். சொந்த ஊரில், கார் உடையும் அளவுக்கு யாராவது சுவரில் போய் மோதுவார்களா? மறுநாள் கார் பந்தயத்துக்குக் கிளம்பவே முடியவில்லை. ஆனாலும் விதியின்படி சனிக்கிழமை இரவு போல் அவருடையது. அவர் நேர்மையானவர் என்பதும் போல் அவருக்குக் கிடைத்தது என்பதும் தனித்தனி விஷயங்கள். முதலாவது சரி, இரண்டாவது சரியில்லை. இந்த விதி இருந்திருந்தால் அவரைச் சந்தேகப்பட யாருக்கும் காரணமே இருந்திருக்காது.

அடுத்த வருடம் அதே மொனாக்கோவில் செர்ஜியோ பெரேஸ் போர்ட்டியே வளைவில் மோதிச் சிவப்புக் கொடி வந்தது. மூன்றாமிடம் அவரிடமே இருந்தது. மறுநாள் மழையில் டயர் மாற்ற எப்போது பிட்டுக்குள் வருவது என்ற ஃபெராரியின் கணக்கு பிசகியதும் ஜெயித்தவர் அவர்தான். அவருக்குப் பின்னால் நான்காவதாகக் கிளம்பியவர் வெர்ஸ்டாப்பன், 0.037 விநாடி வித்தியாசத்தில்.

இனி தண்டனைகளைப் பாருங்கள். இதில்தான் எனக்கு ஆற்றாமை அதிகம். தகுதிச் சுற்றில் ஒருவர் மெதுவாகப் போய் வேகமாக வரும் ஒரே ஒரு காரை மறித்தால் வழக்கமாக மூன்றிடம் பின்னால் தள்ளுகிறார்கள். 2025 மொனாக்கோவில் ஹாமில்டனுக்கு அது நடந்தது. வெர்ஸ்டாப்பன் வேகமான லேப்பில் இல்லை என்று அணியே தவறாகச் சொல்லிவிட்டது, ஓட்டுநர் அதை நம்பினார், நான்காமிடம் ஏழாமிடமாயிற்று. கொடி விழுந்தும் வேகத்தைக் குறைக்காதவருக்கும் தண்டனை உண்டு. 2019 மெக்ஸிகோவில் போட்டாஸ் கடைசி வளைவில் மோதி மஞ்சள் கொடி விழுந்தபோது வெர்ஸ்டாப்பன் வேகத்தைக் குறைக்கவில்லை, போல் பறிபோய் நான்காமிடத்துக்கு இறங்கினார். தண்டித்தது சரி, பாதுகாப்பில் சமரசம் கூடாது. ஆனால் கொடிக்குக் காரணமான போட்டாஸின் ஆறாமிடம் அப்படியே இருந்தது.

2021 பாக்குவில் இன்னும் விசித்திரம். முதல் கட்டத்தில் ஜியோவினாட்ஸி மோதிச் சிவப்புக் கொடி வந்தபோது லாண்டோ நாரிஸ் பிட் வாசலை ஒட்டி வந்துகொண்டிருந்தார். என்ன செய்வது என்று ரேடியோவில் கேட்டார், பதில் வருவதற்குள் வாசல் தாண்டிவிட்டது. உடனே உள்ளே வராத குற்றத்துக்காக மூன்றிடம் தண்டனை, ஆறிலிருந்து ஒன்பதுக்குப் போனார். அதே நாள் மூன்றாம் கட்டத்தில் யூகி சுனோடா மூன்றாவது வளைவில் மோதினார். சிவப்புக் கொடி, எல்லோருடைய கடைசி லேப்பும் போயிற்று, அமர்வு அத்தோடு முடிந்தது. சுனோடா எடுத்திருந்தது எட்டாமிடம். நாரிஸ் பின்னால் போனதால் அவர் ஏழாமிடத்துக்கு ஏறினார். மோதியவர் ஒரு படி மேலே ஏற, வேறொருவர் மோதியதால் வந்த கொடியைக் கண்டு என்ன செய்வதென்று ஒரு விநாடி தடுமாறியவர் மூன்று படி கீழே இறங்குகிறார். இருவர்மேலும் எனக்குக் கோபம் இல்லை. அன்று விதிப்புத்தகம்தான் கோணலாக நின்றது.

எங்கள் பக்கத்தில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் வாய்க்காலில், தன் வயல் நிறைந்தபிறகு ஒருவர் கரை உடைந்து தண்ணீர் வீணாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரே வெட்டினாரா, மாடு இறங்கி உடைந்ததா என்பது இரண்டாம் பேச்சு. முதல் பேச்சு கடைமடைக்காரரின் காய்ந்த வயலைப் பற்றியது. உடைந்த கரைக்காரரின் அடுத்த முறையை எடுத்துக் கடைமடைக்குக் கொடுப்பார்கள். அவரைத் திருடன் என்று யாரும் சொல்வதில்லை.

மனதைப் பார்க்காமல் நேரத்தை நீக்குவது எஃப்.ஐ.ஏ.வுக்குப் புதிதும் அல்ல. நான்கு சக்கரமும் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே போனால் அந்த லேப் நீக்கப்படும். வேண்டுமென்று போனாயா என்று ஒருவரும் கேட்பதில்லை. 2023 ஆஸ்திரியாவில் பெரேஸின் லேப்கள் இப்படி அடுத்தடுத்து நீக்கப்பட்டு இரண்டாம் கட்டத்திலேயே வெளியேறினார். அந்த வாரப் பந்தயத்தில் மட்டும் கோடு தாண்டியதாக 1,200க்கு மேல் புகார்கள் பதிவாயின. 2011 மெல்போர்னில் நம் நரேன், முதல் கட்டத்தின் மிகச் சிறந்த நேரத்தில் 107 சதவீதம் என்ற வரம்புக்குள் வரமுடியாமல் ஞாயிற்றுக்கிழமை காரில் ஏறாமலே திரும்பினார். மெதுவான எச்.ஆர்.டி. காரைக் கொடுத்தது யார் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. விதி விதிதான் என்றார்கள். கோட்டைச் சில அங்குலம் தாண்டியவருக்கு இருக்கும் விதி, சுவரில் மோதி ஒன்பது பேருடைய லேப்பை நிறுத்தியவருக்கு ஏன் இல்லை?

அமெரிக்க இண்டிகார் பந்தயத் தொடரில் அப்படி ஒரு விதி இருக்கிறது. சாலைத் தடங்களிலும் நகரத் தடங்களிலும் தகுதிச் சுற்றில் சிவப்புக் கொடிக்குக் காரணமானவரின் சிறந்த இரண்டு நேரங்களும் போய்விடும், அந்தக் கட்டத்தில் மேற்கொண்டு ஓட்டவும் முடியாது. 2021 மொனாக்கோவுக்குப் பிறகு இதையே ஃபார்முலா ஒன்னுக்கும் கொண்டுவரலாமா என்று பேச்சு எழுந்தது. பேச்சு அப்படியே அமுங்கிவிட்டது.

என் யோசனை அதைவிட மென்மையானது. மூன்றாம் கட்டத்தில் பெரும்பாலும் இரண்டு ஓட்டங்கள்தான் என்பதால் இரண்டு நேரத்தையும் நீக்குவது அதிகம். சிறந்த ஒன்று போதும். அடுத்த சிறந்த நேரம் இருந்தால் அது கணக்கில் வரும், இல்லையென்றால் அந்தக் கட்டத்தின் கடைசி இடம். இது கடுமைதான், மறுக்கவில்லை. மூன்றிடம் பின்னால் தள்ளினால் போதாதா என்று எங்கள் கடையிலேயே கேட்கிறவர்கள் உண்டு. நான் அதற்கு ஒப்பமாட்டேன். இடத்தைப் பின்தள்ளுவது தண்டனை. தண்டனை என்று வந்தால் குற்றம் இருக்கவேண்டும், குற்றம் என்றால் மறுபடியும் மனதைத் துருவவேண்டும். நேரத்தை நீக்குவது கணக்கைச் சரிசெய்வது மட்டுமே. ஓட்டுநரின் உரிமத்தில் ஒரு தண்டனைப் புள்ளிகூட ஏறக்கூடாது.

இன்ஜின் செயலிழந்தோ டயர் வெடித்தோ கார் நின்றால் விலக்கு கொடுக்கலாம். அதைக் கண்டுபிடிக்க மனதைப் படிக்கத் தேவையில்லை. 2008 முதல் எல்லா அணிகளின் காரிலும் ஒரே வகை மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிதான் இருக்கிறது. பிரேக், ஆக்ஸிலரேட்டர், கியர் எல்லாம் எண்களாகப் பதிவாகின்றன. இன்னொரு கார் இடித்ததால் மோதினால் இடித்தவர் பொறுப்பு. அந்தத் தீர்ப்பை நடுவர்கள் ஒவ்வொரு வாரமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மழைக்கு விலக்கு வேண்டாம், மழை எல்லோர்மேலும்தான் பெய்கிறது.

ராஸ்பெர்க் விஷயம் போல மஞ்சள் கொடியோடு நின்றுபோவதை என்ன செய்வது? இதில் எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. ஆபத்து பெரிது என்று காட்டும் இரட்டை மஞ்சள் கொடி விழுந்தால் அந்தப் பகுதியைக் கடப்பவரின் லேப் எப்படியும் போய்விடுகிறது. ஆகவே இரட்டை மஞ்சளுக்கும் இதே விதி பொருந்தவேண்டும் என்பது என் கருத்து. சிவப்புக்கு மட்டும் கொண்டுவந்தாலும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன்.

இப்படி விதி வந்தால் ஓட்டுநர்கள் பயந்து ஓட்டுவார்கள், சனிக்கிழமையின் விறுவிறுப்பு போய்விடும் என்பதுதான் எதிர்ப்பவர்களின் பெரிய வாதம். லாங் பீச் நகரத் தடத்தில் இண்டிகார் ஓட்டுநர்கள் சுவரை உரசாமல் தள்ளியா போகிறார்கள்? சுவரே பெரிய பயம்தான். அதையே மீறுகிறவர்கள் ஒரு விதிக்காக அடங்கமாட்டார்கள். மாறப்போவது வேறொன்று. முதல் ஓட்டத்தில் நல்ல நேரம் எடுத்துவிட்டவர் இரண்டாம் ஓட்டத்தில் எல்லை மீறித் துணிய இன்று ஒரு சலுகை இருக்கிறது. மோதினால் மற்றவர்களும் நின்றுவிடுவார்கள், முதலிடம் கையில் இருக்கும். அந்தச் சலுகை மட்டும் போகும்.

முன்வரிசைக்காரர்களைப் பற்றியே பேசிவிட்டேன். உண்மையில் அதிகம் இழப்பது பின்னால் இருக்கும் சின்ன அணிகள். முதல் கட்டத்தில் தடத்தின் பிடிப்பு ஏறட்டும் என்று கடைசி நிமிடம்வரை காத்திருந்து, புது டயர் மாட்டி, பதமாகச் சூடேற்றிக் கிளம்புவார்கள். பாதி லேப்பில் சிவப்புக் கொடி விழுந்தால் அந்த டயரின் முதல் வீரியம் போயிற்று. வழக்கமான பந்தய வாரத்தில் ஒரு காருக்கு உலர்தடத்து டயர் 13 செட்டுதான். 2025 பாக்கு தகுதிச் சுற்றில் ஆறு முறை சிவப்புக் கொடி காட்டப்பட்டது. இதுவரை இல்லாத எண்ணிக்கை. 2026 முதல் கெடிலாக் அணியும் சேர்ந்து கார்கள் 22. மொனாக்கோவின் 3.337 கிலோமீட்டரைப் பங்கிட்டால் ஒரு காருக்கு 150 மீட்டர் சொச்சம்தான் வரும். நெரிசல் கூடும்போது விபத்தும் கூடும்.

ஞாயிற்றுக்கிழமை முந்திக்கொள்ளலாமே என்று ஆறுதல் சொல்லவும் வழியில்லை. 2024 மொனாக்கோவில் முதல் பத்து பேரும் கிளம்பிய வரிசையிலேயே முடித்தார்கள். ஃபார்முலா ஒன் வரலாற்றிலேயே அதற்குமுன் அப்படி நடந்ததில்லை. முதல் லேப் விபத்தால் பந்தயம் நிறுத்தப்பட்டபோதே எல்லோரும் டயரை மாற்றிக்கொண்டதால் அதன்பிறகு தந்திரத்துக்கும் இடமில்லை. அதைப் பார்த்துத்தான் 2025இல் கட்டாயம் இரண்டுமுறை டயர் மாற்றவேண்டும் என்றார்கள். அப்போதும் நாரிஸ், லெக்லெர்க், பியாஸ்ட்ரி, வெர்ஸ்டாப்பன் என்று முதல் நால்வரும் கிளம்பியபடியே முடித்தார்கள். ஒலிவியே பானிஸ் 14ஆம் இடத்திலிருந்து வந்து அங்கே ஜெயித்தது 1996இல். அன்று மழை, முடிவுவரை ஓடிய கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றபடி அந்தத் தெருக்களில் சனிக்கிழமை எழுதியதை ஞாயிறு அழித்ததாக அதிகம் பார்த்ததில்லை. ஆகவே சனிக்கிழமையின் கணக்கு நியாயமாக இருந்தாக வேண்டும்.

விதியை மாற்ற எஃப்.ஐ.ஏ.வுக்குத் தயக்கம் இருக்கும் என்றும் சொல்லமுடியாது. 2016இல் 90 விநாடிக்கு ஒருவரை வெளியேற்றும் தகுதிச் சுற்றைக் கொண்டுவந்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் பஹ்ரைனிலும் அது எடுபடவில்லை, மூன்றாவது பந்தயத்துக்குள் பழைய முறைக்குத் திரும்பிவிட்டார்கள். நான் கேட்பது அவ்வளவு பெரிய மாற்றம்கூட இல்லை. விதிப்புத்தகத்தில் ஒரு பத்தி.

உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். இந்த மடலை உங்கள் குழுவில் படித்து விவாதியுங்கள். ஏற்புடையது என்று பட்டால், உங்கள் பெயரில் ஒரு முன்மொழிவாக எஃப்.ஐ.ஏ.வுக்கு அனுப்புங்கள், அடுத்த பருவத்து விதிகள் உலக மோட்டார் பந்தய மன்றத்துக்குப் போவதற்கு முன்பே. இருங்காட்டுக்கோட்டையிலும் சென்னை நகரத் தடத்திலும் ஓட்டும் நம் பிள்ளைகள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதையும் கேட்டு அதோடு இணையுங்கள். சுவரை ஒட்டி ஓட்டுகிறவர்களின் கருத்துக்கு, கடையில் உட்கார்ந்து பார்க்கும் எங்கள் கருத்தைவிட எடை அதிகம். அவர்கள் வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று தெரிந்துகொள்ளவும் ஆவலாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தகுதிச் சுற்றைத் தவறவிடாத ஒரு ரசிகன்,
கும்பகோணம்.